விவாகரத்தான அம்மாவை வைத்துச் சிரிப்புத் தொடர்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மணவிலக்குப் பெற்ற அம்மா, பதின்வயதில் இரண்டு பிள்ளைகள், ஒரு வாடகை வீடு. இதை வைத்துச் சிரிப்புத் தொடர் எழுத உட்காருகிறவர்கள் பலரும் முதல் பத்துப் பக்கத்தை விவாகரத்துக்கே செலவழித்துவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1975 டிசம்பரில் தொடங்கி 1984 வரை ஓடிய ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரில், கதை தொடங்கும்போதே விவாகரத்து முடிந்துபோன விஷயம். முதல் அத்தியாயத்தின் சிக்கல் வேறு: பையன்களும் வரும் முகாமுக்கு மூத்த மகளை அனுப்புவதா, வேண்டாமா? ‘அப்பாகிட்ட கேளு’ என்று தள்ளிவிட வழியில்லை. சரியோ தப்போ, அம்மா ஒருத்தியே சொல்லியாக வேண்டும். வாராவாரம் கதை ஊறுவது அந்த இடத்தில்தான்.

இதையே கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம் நடத்திப் பாருங்கள்.

“அம்மா, திற்பரப்பு அருவிக்கு எல்லாரும் போறாவ.”
“எல்லாரும்னா ஆரு மக்களே?”
“எல்லாருந்தான்.”
“அந்த எல்லார்ல எத்தன பேருக்கு மீச உண்டு?”

நாலு வரியில் இருவரையும் தெரிந்துவிடுகிறது. கோர்ட், கண்ணீர், பழைய கல்யாண போட்டோ எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த சறுக்கல் பேச்சு வழக்கு. ‘ஏலே’ போட்டால் தென்கோடி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் அடங்கிய நாஞ்சில்நாட்டுப் பேச்சு ஒன்று. மார்த்தாண்டம் அடங்கிய, மலையாளம் உரசும் விளவங்கோட்டுப் பேச்சு வேறு. குளச்சல் கடற்கரையில் இன்னொன்று. காரணமில்லாமல் மூன்றையும் ஒரே வீட்டில் கலந்தால் உள்ளூர்க்காரர் சேனலை மாற்றிவிடுவார். காரணத்தோடு கலக்கலாம். அம்மா தோவாளைக்காரி, கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்தில் என்று வைத்தால், பிள்ளைகள் வாயில் வருவது அப்பா ஊர்ப் பேச்சு. சண்டை வரும்போது அந்தப் பேச்சே அம்மாவுக்குக் குத்தும். எழுதுகிறவருக்கு இலவசமாகக் கிடைக்கும் நகைச்சுவை அது.

அம்மாவின் வேலையைச் சும்மா ‘வேலைக்குப் போகிறாள்’ என்று விடாதீர்கள். வேலையின் கடிகாரம்தான் அத்தியாயத்தின் கடிகாரம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறாள் என்றால், குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்னே கிளம்பியாக வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேகரித்துத் திரும்ப வெயில் ஏறிவிடும். ஆகவே காலை 7 மணிக்கு அவள் அடுப்படியில் நின்று தோசை சுடும் காட்சி பொய். அந்த நேரத்தில் வீடு பிள்ளைகள் கையில். யார் எழுந்தார்கள், யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று எழுத எவ்வளவோ உண்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை. இரண்டு பருவமழையும் விழும் மாவட்டம் இது. பள்ளி லீவுக்காகப் பிள்ளைகள் மழை கேட்கும் இரவில் அம்மா கூலியை எண்ணிக்கொண்டிருப்பாள்.

சட்டத்தைத் தொடும் இடத்தில் துல்லியம் வேண்டும். ஒரே விசாரணையில் நீதிபதி சுத்தியல் தட்டிப் பிரித்துவைப்பதெல்லாம் சினிமா. இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்தாலும், மனுவுக்கு முன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். பிறகு 6 மாதக் காத்திருப்பு. இந்த 6 மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. குமரியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். கத்தோலிக்கர் என்றால் கோர்ட் தீர்ப்பு மட்டும் போதாது, கோவிலில் மறுமணம் செய்யத் திருச்சபை நீதிமன்றமும் முதல் திருமணம் செல்லாது என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் வரன் கொண்டுவரும் அத்தையை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம். பதினேழரை வயது மகளுக்காகப் பராமரிப்பு உரிமை வழக்கு நடத்தும் அத்தியாயம் மட்டும் வேண்டாம். தீர்ப்பு வருவதற்குள் அவளுக்கு 18 ஆகிவிடும்.

அப்பாவைக் குடிகாரனாக்கிவிடுவது சோம்பேறித்தனம். பாசமானவர், ஆனால் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார் என்று எழுதினால் பல அத்தியாயம் தாங்கும்.

அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். பெரிய கதைக்கு 14, சின்னக் கதைக்கு 6, தொடக்கத்திலும் முடிவிலும் வரும் துணுக்குகளுக்கு மிச்சம். கூடம், அடுக்களை, வாசல் என்று மூன்று இடத்துக்குள் முடித்தால் செலவு அடங்கும். கடைசி இரண்டு நிமிடம் வயலினோடு அம்மா அறிவுரை சொல்வதை வெட்டிவிடுங்கள்.

நடிகர் தேர்வில் இருபத்தைந்து வயதுக்காரருக்குச் சீருடை மாட்டிவிடாதீர்கள். உண்மையான பிளஸ் டூ மாணவரை எடுத்தால் மார்ச்சில் பொதுத்தேர்வு, படப்பிடிப்பை அதற்கு முன்பே முடிக்க வேண்டும். இளையவனுக்கு 14 நிறையவில்லை என்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல், இடைவேளை விடாமல் 3 மணி நேரத்துக்கு மேல் அவனை வைத்து எடுக்கக் கூடாது.