சட்டை லேபிளில் இருந்து தொடங்குங்கள்

"உலகமயமாக்கல் நல்லதா, கெட்டதா?" என்று வகுப்பில் கேட்டால் நாலு பிள்ளைகள்தான் பேசுவார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதற்குப் பதில், வீட்டில் இருக்கும் ஒரு சட்டையின் லேபிளைப் பார்த்து, தைத்த நாட்டின் பெயரை எழுதி வரச் சொல்லுங்கள். யாராவது வங்கதேசம் என்று எழுதி வந்தால் அங்கேயே பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2013 ஏப்ரல் 24. டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தைப்பவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிற இடம் இது.

இங்கே நிறுத்தி, ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்களாக இருந்தால் அன்றைக்குப் படியேறியிருப்பீர்களா?" உடனே பதில் வாங்காதீர்கள். இரண்டு நிமிடம் எழுத விடுங்கள், கூச்சப்படும் பிள்ளையும் பேசும். பிறகு தொழிலாளி, முதலாளி, ஆர்டர் கொடுத்த நிறுவனம், சட்டை வாங்கும் நாம் என்று ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் பேசவிடலாம்.

மணி அடிப்பதற்குள், அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டதையும் சொல்லிவிடுங்கள்.