மார்பகம் வலிச்சா முதல்ல என்ன பண்ணணும், எப்போ டாக்டர்கிட்ட போகணும்

மார்புல வலின்னதும் முக்கால்வாசி பேருக்கு மனசு நேரா கேன்சர்லதான் போய் நிக்கும், அப்புறம் யார்கிட்டயும் வாய் திறக்காம ராத்திரி முழுக்க போன்ல தேடுறது, தேடத் தேட பயம் கூடுறதுதான் மிச்சம். வேற எந்த மாற்றமும் இல்லாம வெறும் வலி மட்டும்னா அது கேன்சரா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. அதே சமயம் கேன்சர் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, அதனால "வலிக்கலையே, பரவால்ல"ன்னு ஒரு கட்டிய விட்டு வைக்கிறதுதான் எனக்கு பெரிய பயமா தெரியுது.

ஸ்டெப் 1: இது மார்பக வலியா, நெஞ்சு வலியான்னு பாருங்க

நெஞ்சு இறுக்குற மாதிரி இருக்கு, கை, தோள், தாடைன்னு வலி பரவுது, வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது, குமட்டுதுன்னா மேல படிக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு கிளம்புங்க. வலி இடது பக்கமா வலது பக்கமான்னு யோசிச்சுக்கிட்டு உக்கார வேணாம்.

அப்படி எதுவும் இல்லைன்னா ஒரு சின்ன சோதனை. வலது மார்பு வலிச்சா இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க, மார்பு விலா எலும்பை விட்டு கொஞ்சம் சரியும், இப்போ அந்த விலா எலும்பை விரலால அழுத்திப் பாருங்க. நடு நெஞ்செலும்பு ஓரத்துலயும் அழுத்துங்க. "ஆ, இதே வலிதான்"னு தோணுச்சுன்னா பிரச்சனை மார்புல இல்லாம எலும்பு, தசை பக்கம் இருக்கலாம், கனமா ஏதாவது தூக்கினது, புதுசா எக்சர்சைஸ் ஆரம்பிச்சது, விடாம இருமினது இப்படி. எரிச்சலோட ஒரே பக்கமா வலிச்சு ரெண்டு நாள்ல கொப்புளம் வந்தா அது அக்கியா இருக்கலாம், அதுக்கு சீக்கிரம் மாத்திரை ஆரம்பிச்சாதான் நல்லது.

ஸ்டெப் 2: ரெண்டு மாசம் குறிச்சு வைங்க

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், ஆனா யாருமே செய்யாத வேலையும் இதுதான். போன் காலண்டர்லயே போதும், தினமும் வலிக்கு 0-லேர்ந்து 10 வரைக்கும் ஒரு நம்பர், எந்தப் பக்கம், எந்த இடம், பீரியட்ஸ் என்னிக்கு வந்துச்சு, புதுசா என்ன மாத்திரை. (கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகூட வலியைக் கொண்டு வரும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, கொடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க.)

பீரியட்ஸுக்கு ஒரு வாரம், ரெண்டு வாரம் முன்னாடி ரெண்டு பக்கமும் கனத்து, அக்குள் வரைக்கும் இழுத்து, ரத்தப்போக்கு ஆரம்பிச்சதும் இறங்கிடுதுன்னா அது ஹார்மோன் வலி. மார்பு வலின்னு வர்றவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேருக்கு இதுதான். கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கும் சினைப்பை இருந்தா இந்த மாசச் சுழற்சி வலி வரலாம், அதனால "எனக்குத்தான் பீரியட்ஸே இல்லையே"ன்னு குழம்ப வேணாம். பீரியட்ஸ் தள்ளிப்போய் வலியும் இருந்தா முதல்ல ப்ரெக்னென்சி டெஸ்ட் பாருங்க.

ஸ்டெப் 3: கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க

பீரியட்ஸ் முடிஞ்சு சில நாள் கழிச்சு பாருங்க, அதுக்கு முன்னாடி பார்த்தா எல்லாமே கட்டி கட்டியாத்தான் தட்டுப்படும். நடு மூணு விரலோட தட்டையான பக்கத்தால அக்குள் வரைக்கும் தடவணும், நுனி விரலால கிள்ளிப் பார்க்கக்கூடாது. கீழ சொல்றதுல ஒண்ணு இருந்தாலும் ரெண்டு மாசக் கணக்கெல்லாம் முடியட்டும்னு காத்திருக்காம டாக்டர பாருங்க, வலி இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி:

- மார்புலயோ அக்குள்லயோ புதுசா கட்டி, நெறி கட்டினது
- தோல்ல குழி விழுறது, ஆரஞ்சு தோல் மாதிரி தடிச்சு புள்ளி புள்ளியா ஆகுறது
- காம்பு புதுசா உள்ள இழுத்துக்கிறது, காம்புல ஆறாத புண்ணு, செதில்
- காம்புலேர்ந்து தானா ரத்தமோ நீர் மாதிரியோ கசியுறது
- ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காத சிவப்பு, வீக்கம்

இதெல்லாம் இல்லாம ஒரே புள்ளியில விடாம வலிச்சுக்கிட்டே இருந்தாலும், பீரியட்ஸ் முழுசா நின்னவங்களுக்கு புதுசா வலி வந்தாலும் ஒரு தடவை காட்டிடுங்க. ஆம்பளைங்களும்தான், கூச்சப்பட்டு இழுத்தடிக்காதீங்க.

பால் குடுக்குற அம்மாவுக்கு ஒரு பக்கம் சிவந்து சூடாகி குளிர் காய்ச்சலும் வந்தா ஒரு நாளுக்கு மேல தள்ளிப்போடாதீங்க, சீழ் கட்டிடலாம். பால் குடுக்குறத நிறுத்த வேணாம், குழந்தைக்கு அதனால ஒண்ணும் ஆகாது, கட்டினத கரைக்கிறேன்னு அழுத்தித் தேய்க்கிறதுதான் வீக்கத்த கூட்டும்.

ஸ்டெப் 4: ஹார்மோன் வலிதான்னா

பிரா சரியான சைஸ்ல, நல்லா தாங்குற மாதிரி போடுங்க, ஓடும்போது ஸ்போர்ட்ஸ் பிரா, வலி அதிகமான நாள்ல தூங்கும்போதும் மெத்துன்னு ஒண்ணு, நிறைய பேருக்கு இதுலயே பாதி சரியாயிடும். பாராசிட்டமால், இல்லன்னா டைக்ளோஃபினாக் ஜெல் மேலாக தடவலாம், ஆனா கர்ப்பமா இருந்தா, பால் குடுத்தா, அல்சர் இருந்தா கேக்காம எடுக்காதீங்க. ப்ரிம்ரோஸ் ஆயில், விட்டமின் ஈ கேப்சூலுக்கெல்லாம் உறுதியான ஆதாரம் இல்ல, காசு உங்க இஷ்டம். இத்தனைக்கும் அடங்காம தூக்கமும் வேலையும் கெடுதுன்னா அதுவே டாக்டர பார்க்க போதுமான காரணம், அதுக்கு தனியா மாத்திரைகள் இருக்கு.

ஸ்டெப் 5: டாக்டர்கிட்ட போனா

குறிச்சு வச்சத காட்டுங்க, அம்மா, அக்கா, சித்தின்னு குடும்பத்துல யாருக்காவது மார்பகமோ சினைப்பையோ கேன்சர் வந்திருந்தா எந்த வயசுலன்னும் சொல்லுங்க. கையால பார்த்துட்டு, 30 வயசுக்கு கீழன்னா பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், 40 தாண்டினா மேமோகிராமும் (மார்பை அழுத்தி வச்சு எடுக்குற எக்ஸ்ரே) சேர்த்து எழுதுவாங்க, நடுவுல இருக்கவங்களுக்கு டாக்டர் முடிவு பண்ணுவாங்க. மேமோகிராம் அன்னிக்கு அக்குள்ல பவுடர், டியோடரன்ட் போடாதீங்க, படத்துல புள்ளியா விழுந்து வீணா குழப்பும். பீரியட்ஸ் முடிஞ்ச வாரமா பார்த்து டேட் வாங்கினா அழுத்தும்போது வலியும் கம்மியா இருக்கும்.