கால்சியம் மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? சிறுநீரக நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்குச் சிறுநீரக நோய் நான்காம் நிலை என்று சொன்ன பிறகு, எங்கள் குடியாத்தம் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை அட்டைகள் சேர்ந்துவிட்டன. அதில் விழுங்கவே கஷ்டமான நீள மாத்திரை, கால்சியம். மதியம் சாப்பிட உட்காரும்போதே எடுத்துத் தட்டருகே வைப்பேன். “சாப்பாடு இறங்கட்டும்மா, அப்புறம் போட்டுக்கிறேன்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மூன்று மணி வாக்கில் திண்ணையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரில் இரண்டு மிடறு குடித்து விழுங்குவார். சில மாதம் இப்படியே ஓடியது. அது தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அவருக்கு அந்த மாத்திரையை எலும்புக்காக எழுதவில்லை. பழுதான சிறுநீரகத்தால் உணவில் வரும் பாஸ்பரஸைச் சரியாக வெளியேற்ற முடியாது. சாப்பாட்டோடு கால்சியமும் உள்ளே போனால், அது பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு கொண்டுபோய்விடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு அங்கே பாஸ்பரஸ் பெரிதாக மிச்சமிருக்காது. மாத்திரையில் உள்ள கால்சியம்தான் கூடுதலாக ரத்தத்துக்குப் போகும். குறைய வேண்டிய பாஸ்பரஸ் குறையாது, ஏறக் கூடாத கால்சியம் ஏறும். அதே மாத்திரையை ரத்தத்தில் கால்சியம் குறைந்தவருக்குக் கொடுத்தால், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் போடச் சொல்வார்கள். மாத்திரை ஒன்றுதான், வேலை இரண்டு. அதனால் சீட்டு வாங்கும்போதே, “இது பாஸ்பரஸுக்கா, கால்சியம் குறைவுக்கா?” என்று கேட்டுவிடுங்கள். பாஸ்பரஸுக்கு என்றால் இலையில் சோறு விழுந்ததும் மாத்திரையும் கையில் இருக்க வேண்டும். அந்த வேளை சாப்பிடவில்லை என்றால் அந்த மாத்திரைக்கும் வேலையில்லை.

அடுத்த தவறு, மொத்தக் கணக்குப் பார்க்காதது. மூன்றாம், நான்காம் நிலையில், வீரியமான வைட்டமின் டி மருந்து எடுக்காத பெரியவர்களுக்கு, உணவும் மாத்திரையும் சேர்த்து நாளைக்கு 800 முதல் 1000 மில்லிகிராம் கால்சியம் போதும் என்பது 2020-ல் வந்த சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டுதல். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மருத்துவர் தனியாக முடிவு செய்வார். இப்போது எங்கள் பக்கத்து ஒரு நாள் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். பால் 200 மில்லியில் சுமார் 240. களியும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தாலே 600-ஐ நெருங்கிவிடும். அதன்மேல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டால் 1600 தொடும்.

மாத்திரை அட்டையைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் உள்ள உண்மையான கால்சியம் 500. கால்சியம் அசிடேட் 667 என்றால் உள்ளே இருப்பது 169 மட்டும். பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து மாற்றி வாங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பாலையும் கேவுரையும் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம், அதுவும் தவறுதான். இவற்றில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் பொட்டாசியமும் இருப்பதால் அளவு பேச வேண்டும், அவ்வளவுதான். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழில் ஒரு டம்ளர் குடிக்கலாமா என்று அப்பா கேட்டபோது, உணவு ஆலோசகர் தடை சொல்லவில்லை. அன்றைக்கு மோரையும் கருவாட்டையும் விட்டுவிடுங்கள் என்றார். அப்பா முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை நான் மறக்கவே இல்லை.

எனக்கு மிகவும் பயம் தருவது, கால் வலி என்றதும் மருந்துக்கடையில் தாமாகவே கால்சியம் அட்டையும், 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் வாங்கிவருவது. மருத்துவரைப் பார்க்கும் நேரம் பத்து நிமிடம்தான், மீதி வைத்தியம் முழுக்க நம் வீட்டில்தான் நடக்கிறது. மருத்துவர் ஏற்கெனவே கால்சிட்ரியால் என்ற வீரியமான வைட்டமின் டி மருந்தை எழுதியிருப்பார். அதுவும் குடலில் கால்சியத்தை அதிகம் உறிஞ்ச வைக்கும் மருந்து. அதன்மேல் நாமாக வாங்கிய பாக்கெட்டும் சேர்ந்தால் கால்சியம் மளமளவென்று ஏறலாம். மலச்சிக்கல், குமட்டல், தீராத தாகம், மந்தம் என்று தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மிஞ்சிய கால்சியம் எலும்புக்குப் போவதில்லை. பாஸ்பரஸும் கூடியிருந்தால் ரத்தக்குழாய் சுவரிலும் இதய வால்விலும் சுண்ணாம்பாகப் படிகிறது.

சுண்ணாம்பு என்றதும் நினைவு வருகிறது. நாளெல்லாம் வெற்றிலை போடும் பெரியவர்கள் விரலில் எடுத்துத் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான். அதிகமாகப் போட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறியவர்கள் உண்டு. நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரைகள் சிலவற்றிலும் அது இருக்கிறது. இதையெல்லாம் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடுவதும் சரியில்லை. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன், கால்சியத்தை எலும்பிலிருந்து உருவி ரத்தத்தில் அளவைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கலாம். பாஸ்பரஸ், அந்த ஹார்மோன், ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான அல்புமின் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அல்புமின் 3, கால்சியம் 8.2 என்று வந்தால், அல்புமின் குறைவுக்குத் திருத்திய கணக்கில் கால்சியம் 9, அதாவது நார்மல். குறைவு என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால் அங்கேயே தவறு தொடங்கும்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தோடு சேர்த்துப் போட வேண்டாம்.

அப்பா இப்போது தட்டில் சோறு விழுந்ததும், “மாத்திரை எங்கம்மா?” என்று அவரே கேட்கிறார். மறு பரிசோதனைக்குப் போகும்போது அந்த பிஸ்கட் டப்பாவை அப்படியே எடுத்துப் போகிறோம், வெற்றிலைப் பெட்டியையும் சேர்த்து.