மாநிற முகம், டெனிசன் சட்டை: 1/35 சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுவது

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், பர்மா வரைக்கும் போய் வந்தார். அவர் நிறத்தில் ஒரு சின்ன சிப்பாய் பொம்மையைத் தீட்ட வேண்டும் என்றுதான் முதன்முதலில் பிரஷ்ஷை எடுத்தேன். பிரவுனில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையைக் கலந்து வெளிச்சம் வைத்தேன். முகம் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. நம் நிறத்துக்கு வெளிச்சம் காட்ட வெள்ளை ஆகாது, நிழல் காட்டக் கறுப்பும் ஆகாது. சட்டைக்கும் இதுதான் கணக்கு.

1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கில், ஆள் உயரமே சுமார் 5 செ.மீ., முகம் 6, 7 மி.மீ. அதனால் பெயின்ட் கெட்டியாக இருக்கக் கூடாது, பால் பதத்தில் இருக்கட்டும். டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பரைப் போட்டு அதில் கலந்தால் சீக்கிரம் காயாது. ஃபேனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே உறைந்துவிடும். மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) வேண்டாம். ஈரக்காற்றில் பொரிப்பொரியாகப் படியும், பிரஷ்ஷால் பூசுவதே நல்லது.

முகத்துக்கு அடிப்படை நிறம்: பர்ன்ட் அம்பர் (அடர் பிரவுன்) 2 பங்கு, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) 1 பங்கு, துளி சிவப்பு. மெல்லிசாக இரண்டு பூச்சு. நிழலுக்கு இதே கலவையில் அடர் சிவப்பும் அல்ட்ராமரின் நீலமும் துளித்துளியாகச் சேருங்கள். கத்தரிப்பூ சாயல் தட்டும் ஒரு பிரவுன் வரும். அதைக் கண்குழியிலும் மூக்கின் அடியிலும் கீழுதட்டுக்குக் கீழேயும் தொப்பி விளிம்பின் அடியிலும் வையுங்கள். வெளிச்சத்துக்கு ஓக்கரைக் கூட்டிக்கொண்டே போங்கள், கடைசிப் படியில் மட்டும் கொஞ்சம் ஸ்கின் டோன் (வெளிர் தோல்நிற பெயின்ட்). கன்னமேடு, மூக்குத்தண்டு, புருவத்துக்கு மேல், மோவாய். மேலுதடு கறுத்தும் கீழுதடு சிவந்தும் இருக்கட்டும். கண்ணுக்குத் தந்த நிறம் ஒரு கீற்று போதும். சுத்த வெள்ளை வைத்தால் ஆள் மிரண்டு விழிப்பான்.

கையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐரோப்பியர்களின் வழிகாட்டிகளில் விரல்முட்டிக்கு வெளிச்சம் வைக்கச் சொல்வார்கள். உங்கள் கையை ஜன்னலோரம் நீட்டிப் பாருங்கள்: முட்டித் தோல் கறுத்திருக்கும், உள்ளங்கை வெளுத்திருக்கும், நகம் இளஞ்சிவப்பாகத் தெரியும். துப்பாக்கியைப் பிடித்திருக்கும் விரல்களின் உள்பக்கத்தில் அந்த வெளுப்பை ஒரு கோடாக இழுத்தபோதுதான் அது எனக்குத் தாத்தாவின் கையாகத் தெரிந்தது.

பர்மாவில் அவர்கள் போட்டது ஒரே நிற ஜங்கிள் கிரீன். கேமஃப்ளாஜ் (மறைந்திருக்க உதவும் பல நிறக் கோலம்) பழக நான் எடுத்துக்கொண்டது 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் குதித்த பிரிட்டிஷ் பாராசூட் வீரனை. அவனுடைய டெனிசன் மேல்சட்டையில் மணல் கலந்த வெளிர்பச்சைத் துணிமேல், அகலமான பிரஷ்ஷால் இழுத்த மாதிரி பச்சையும் செம்பிரவுனும் ஓடும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் இன்னும் அடர்ந்த நிறம் வரும். நிஜத்தில் 7 செ.மீ. அகலமான பட்டை இங்கே 2 மி.மீ. அடிநிறத்துக்குக் காக்கியும் மணல் நிறமும் கலந்து, நிஜத்துணியைவிட ஒரு படி வெளுப்பாகவே தொடங்குங்கள். பொம்மை சின்னதாகச் சின்னதாக நிறம் அடர்ந்து தெரியும்.

பட்டையின் முனைகளை உருட்டி முடிக்காதீர்கள். பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, 0 எண் பிரஷ் நுனியால் மூன்று நான்கு மெல்லிய இழைகளாகப் பிரித்து விடுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே தையல் வரும் இடத்தில் பட்டையை அப்படியே வெட்டுங்கள். சட்டை தனித்தனித் துண்டாக வெட்டித் தைத்தது, அதனால் ஒரு துண்டின் கோலம் அடுத்த துண்டில் தொடராது. பாக்கெட் மூடிக்கும் இது பொருந்தும். பட்டை காய்ந்ததும் தண்ணீராக நீர்த்த அடர் பிரவுனை மடிப்புகளில் மட்டும் ஓட விடுங்கள். தோளிலும் முழங்கையிலும் ஒவ்வொரு நிறத்தையும் மணல் நிறம் சேர்த்துத் தனித்தனியாக வெளுக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும், அவசரப்படாதீர்கள்.

இந்தப் பாராசூட் வீரன் வெள்ளைக்காரன் என்றால், முகத்தில் மூக்கும் கன்னமும் காதும் சிவக்கும். தாடிப்பகுதியில் துளி சாம்பல்நீலம் வேண்டும்.

துணிக்கு மேட் (பளபளப்பே இல்லாத) வார்னிஷ், முகத்துக்குச் சாட்டின் (லேசாக மினுங்கும்) வார்னிஷ். நம் தோலின் மினுமினுப்பு மேட் வார்னிஷில் செத்துப்போகும். முடித்ததும் ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் சட்டை கண்ணில் பட்டால், நன்றாக நீர்த்த காக்கியைச் சட்டை முழுக்க ஒரு தடவை பூசி, காய விட்டு மறுபடி பாருங்கள். எனக்கு மூன்று தடவை தேவைப்பட்டது.