திராஹினேரா: சோச்சிமில்கோ படகை முற்றத்தில் கட்டும் முறை

மெக்சிகோ நகரின் தெற்கே, சோச்சிமில்கோ கால்வாய்களில் ஓடும் திராஹினேராவுக்குக் கூர்மூக்கு கிடையாது. பலரும் முதலில் சறுக்கும் இடம் இது. அடி தட்டை, பக்கங்கள் நேர், இரு நுனியும் லேசாக மேலெழும். கால்வாய் ஆழம் குறைவு என்பதால் நீண்ட கழியை ஊன்றித்தான் தள்ளுவார்கள். பக்கவாட்டில் துடுப்பு மாட்டாதீர்கள்.

இங்கே சொல்வது தரையில் நிற்கும் 12 அடிப் படகு. தண்ணீரில் விடுவதற்கல்ல.

12 மி.மீ. ப்ளைவுட், 8×4 அடியில் மூன்று வாங்குங்கள். ஒன்று அப்படியே நடு அடிப்பாகம். இரண்டாவதில் 25 அங்குல நீளம், 4 அடி அகலத் துண்டு இரண்டு நுனிகளுக்கு, மீதி முகப்பு வளைவுக்கு. மூன்றாவதை நீளவாக்கில் நான்கு பட்டையாக அறுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றரைப் பட்டை. நான்காவது, மூட்டுகளுக்குப் பின்னால் வைக்கும் ஒட்டுப்பலகை. இரு பக்க மூட்டும் எதிரெதிரே வராமல் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் வையுங்கள்.

பக்கப் பலகையின் நடுவிலிருந்து இருபுறமும் 4 அடி அளந்து குறியுங்கள். அங்கிருந்து கீழ் விளிம்பு நுனியில் 6 அங்குலம் உயரும்படி சாய்வாக அறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் அறுங்கள். தனித்தனியாக அறுத்தால் படகு முறுக்கிக்கொள்ளும். உள்ளே 2 அடிக்கு ஒன்றாக 2×2 அங்குலக் குறுக்குச் சட்டம் ஏழு. சாய்வு தொடங்கும் இடத்தில் சட்டம் தவறாமல் இருக்க வேண்டும். நடுப்பலகையும் நுனித்துண்டும் அதன் மேல்தான் சேர்கின்றன. ஒரே பலகையை வளைக்கப் பார்த்தால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். மரப்பசை தடவி, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ.

அடியில் கருப்பு பெயிண்ட். அங்கே தார் பூசுவது வழக்கம். மேலே மஞ்சள், நீலம், சிவப்பு எனாமல். மஞ்சளுக்குக் கீழே வெள்ளைப் பூச்சு இல்லையென்றால் மரத்தின் பழுப்பு தெரியும். கூரைக்கு ஆறு கால்களும் வளைத்த மூங்கில் பட்டைகளும் போதும். துணியை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுங்கள். பலத்த காற்றில் அவிழ்த்துவிடலாம்.

ஊர்கூடிச் செய்ய வேண்டிய வேலை முகப்பு வளைவு. பழைய நாளில் கோரைப்புல் கட்டுகளில் நிஜப் பூக்களைச் செருகி நடுவில் பெயர் எழுதினார்கள். பெரும்பாலும் பெண் பெயர், 'லுபிதா', 'மரியா' என்று. 4 அடி அகலம், 3 அடி உயர வளைவுக்கு 4 அங்குலக் காகிதப் பூ நூறு வேண்டும். நசுங்குவதற்கும் சேர்த்து 120 செய்யுங்கள். கிரேப் காகிதம் மழையில் சாயம் விடும், பெயிண்டைக் கெடுக்கும். வெளியே ஒரு நாளுக்கு மேல் நிற்பதென்றால் துணிப்பூதான். எழுத்துகளை முதலில் ஒட்டிப் பிறகு பூவை நிரப்புங்கள். வளைவின் முதுகில் இரண்டு சாய்வுத் தாங்கிகள் இல்லாவிட்டால் முன்பக்கம் கவிழும்.

பெரிய தொப்பி, கள்ளிச்செடி என்று கையில் கிடைத்த மெக்சிகோவையெல்லாம் ஏற்றாதீர்கள். அருகில் ஒரு பலகையில் இதை எழுதினால் போதும்: இது பூவும் காய்கறியும் ஏற்றிய சரக்குப் படகு; அவை விளைந்தது ஏரிச் சேற்றை மேடாக்கிய சினாம்பா வயல்களில்; 1987இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. அங்குள்ள பழங்குடி மொழியான நாவாட்டிலில் படகுக்கு 'அகல்லி', அதாவது நீர்வீடு.

பூ எதுவென்று குழம்ப வேண்டாம். நம் துலுக்கச் சாமந்தியின் தாய்மண்ணே மெக்சிகோதான்.