பூல் ஹாலில் ஸ்னூக்கர் டேபிள்: பணம் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூல் ஹால் திறக்க நினைப்பவர்கள் வாடகை, அட்வான்ஸ், ஏசி, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவார்கள். ஸ்னூக்கர் டேபிள் என்று வந்துவிட்டால் மட்டும் கணக்கு நின்றுவிடும். "ஹால்னு இருந்தா ஒரு ஸ்னூக்கர் டேபிள் வேண்டாமா?" என்று யாராவது கேட்பார்கள், ஒன்று வாங்கிப் போட்டுவிடுவார்கள். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: போடுவதானால் இரண்டாகப் போடுங்கள், முடியாவிட்டால் ஒன்றுகூட வேண்டாம்.

கௌரவத்துக்காகப் போடுவது

ஸ்னூக்கருக்கு நம் பக்கம் ஒரு தனி மரியாதை உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உருவாக்கிய ஆட்டம் என்பார்கள். அதன் விதிகள் எழுத்தில் வடிவம் பெற்றது நம் ஊட்டி கிளப்பில். நம் நாட்டு ஸ்னூக்கர் வீரர் பங்கஜ் அத்வானி உலகப் பட்டம் வாங்கும்போதெல்லாம் செய்தியும் வருகிறது. ஆனால் செய்தியைப் படித்துவிட்டுக் கைதட்டுகிறவர் எல்லோரும் மணிக்குக் காசு கொடுத்து ஆட வருவதில்லை. டிவியில் பார்ப்பவர் எத்தனை பேர் என்பதை விடுங்கள். உங்கள் கடையிலிருந்து பைக்கில் வரும் தூரத்துக்குள் வாரம் மூன்று நாள் ஆடுகிறவர் எத்தனை பேர் என்று பாருங்கள். அருகில் இருக்கும் ஸ்னூக்கர் பார்லருக்குப் போய், சனிக்கிழமை சாயங்காலம் அல்ல, செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

டேபிளை எண்ணுவது, சதுர அடியை எண்ணாமல் விடுவது

பணம் போவது பெரும்பாலும் இந்தத் தவறில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முழு அளவு ஸ்னூக்கர் டேபிளில் ஆடும் பரப்பு 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். ஸ்டிக் 57, 58 அங்குலம் இருக்கும். நான்கு பக்கமும் தடையில்லாமல் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டுமென்றால், தனியாக நிற்கும் ஒரு டேபிளுக்கு ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி தேவை. 8 அடி பூல் டேபிளுக்கு 17 அடிக்கு 13½ அடி போதும். டேபிள்களை வரிசையாகப் போட்டு நடுவில் உள்ள ஐந்தடி இடைவெளியை இரண்டு டேபிளும் பகிர்ந்துகொண்டால் இரண்டு வகையிலும் இடம் மிச்சமாகும். ஆனாலும் ஸ்னூக்கர் டேபிள் கேட்கும் இடம் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. அதாவது இரண்டு ஸ்னூக்கர் டேபிள் நிற்கும் இடத்தில், அறையின் வடிவம் ஒத்துவந்தால், மூன்று பூல் டேபிள் நிற்கும்.

ஒரு பேச்சுக்கு ஸ்னூக்கருக்கு மணிக்கு 200 ரூபாய், பூலுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "ஸ்னூக்கர் ரேட் அதிகம், அதனால் லாபமும் அதிகம்" என்று தோன்றும். அதே இடத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு ஸ்னூக்கர் 400, மூன்று பூல் 450. ஹால் நிறைந்திருக்கும் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் பூல்தான் ஜெயிக்கிறது. அது மட்டுமல்ல, பூல் டேபிளைச் சுற்றி நான்கு பேர் கூட்டமாக நிற்பார்கள். கூல்டிரிங்க்ஸ், பஃப்ஸ், டீ எல்லாம் போகும். ஸ்னூக்கரில் பெரும்பாலும் இரண்டே பேர். அவர்களும் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிடுவார்கள்.

அப்படியானால் ஸ்னூக்கரே வேண்டாமா? அப்படியும் இல்லை. வார நாள் காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை பூல் டேபிள்கள் காற்று வாங்கும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் ஸ்னூக்கர்காரர்கள்: ரிட்டயர் ஆனவர்கள், ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், சொந்தக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள். அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு ஸ்னூக்கர் டேபிள் நான்கு மணி நேரம் ஓடினால் 800 ரூபாய். மூன்று பூல் டேபிளிலும் மொத்தமாகவே ஒரு மணி நேர ஆட்டம்தான் என்றால் 150. ஸ்னூக்கரின் வியாபாரம் முழுக்க இந்தச் செத்த நேரத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஏரியாவில் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லையென்றால், அல்லது சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கப்போகிறீர்கள் என்றால், டேபிளைப் போட்டும் பயனில்லை.

ஒன்றே ஒன்று போடுவது

இதை "ட்ரையல்" என்று சொல்லிச் செய்வார்கள். ஆனால் ஒற்றை டேபிள் எதையும் நிரூபிக்காது. ஸ்னூக்கர் ஆட்டம் மெதுவானது. 15 சிவப்புப் பந்தும் ஆறு கலர் பந்தும் உள்ளே போக, சுமாராக ஆடும் இருவருக்கு ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு முழுச் சுற்று, அரை மணியில் முடிந்தால் அதிர்ஷ்டம். புதியவர்கள் என்றால் ஒரு மணி நேரமும் ஆகும். ஒரே டேபிளில் ஒரு ஜோடி உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஜோடி எப்போது ஆடுவது? இரண்டு தடவை காத்திருந்து பார்ப்பார்கள், மூன்றாவது தடவை டேபிள் அதிகம் உள்ள பார்லருக்குப் போய்விடுவார்கள். ரெகுலர் ஆட்கள் வருவதே, தனியாக வந்தாலும் எதிராளி கிடைப்பார் என்ற நம்பிக்கையில்தான். அந்தக் கூட்டம் சேர இரண்டு டேபிளாவது வேண்டும். சின்ன டோர்னமென்ட் நடத்தவும் அதுதான் குறைந்தபட்சம். ஒரு டேபிளைப் போட்டு ஆறு மாதம் பார்த்துவிட்டு "நம்ம ஊர்ல ஸ்னூக்கர் ஓடாது" என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். ஓடாதது ஒற்றை டேபிள்.

நடுவில் ஒரு வழி என்று 9 அடி, 10 அடியில் மினி ஸ்னூக்கர் டேபிள் வாங்குவதும் உண்டு. ஆட்டம் தெரிந்தவர் அதைச் சீந்த மாட்டார். புதியவருக்குச் சின்ன பாக்கெட்டில் பந்து போகவே போகாது. அவர் பூல் பக்கம் போய்விடுவார். ஃப்ரேம் நீளமாக இருப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், முழு அளவு டேபிளிலேயே ஆறு சிவப்புப் பந்து மட்டும் வைத்து ஆடும் சிக்ஸ் ரெட் ஆட்டத்தைப் பழக்கிவிடுங்கள்.

இடுக்கில் திணிப்பது

வரைபடத்தில் டேபிள் உட்காரும், தூண்தான் கண்ணில் படாது. ஒரு மூலை பாக்கெட்டுக்கு எதிரே, டேபிளிலிருந்து மூன்றடியில் தூண் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து அந்தப் பக்க குஷனை (டேபிளின் ரப்பர் விளிம்பை) ஒட்டி நிற்கும்போது ஆடுகிறவர் ஸ்டிக்கின் பின்பக்கத்தைச் செங்குத்தாகத் தூக்கி, குத்துவதுபோல் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும் அடிதான் துணியைக் கிழிக்கும். அதற்கென்று ஒரு குட்டை ஸ்டிக் வாங்கி மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் நல்ல ஆட்டக்காரர் அந்த ஹாலைப் பற்றி முடிவுக்கு வந்துவிடுவார்.

எடையும் மாடியும்

முழு அளவு டேபிள் ஒரு டன்னைத் தாண்டும். எட்டுக் கால்கள், ஐந்து சிலேட் பலகைகள்; பலகை ஒன்றைத் தூக்கவே நாலைந்து பேர் வேண்டும். முதல் மாடியில் போடுவதானால் கட்டட இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள். மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். பழைய டேபிள் மலிவாக வருகிறது என்றால், சிலேட்டில் விரிசல் இருக்கிறதா, குஷன் ரப்பர் காய்ந்து இறுகிப்போயிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பளபளக்கும் மரத்தில் மயங்க வேண்டாம்.

பூல் டேபிளைப் போலவே பராமரிப்பது

பூல் டேபிள் துணியின் மேல் பொதுவாக ரோமம்போல் எழும்பி நிற்கும் இழை கிடையாது. தூசி தட்டினால் போதும். ஸ்னூக்கர் துணியில் அந்த இழை உண்டு, அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தினமும் கடை திறக்குமுன் மஞ்சள், பச்சை, பிரவுன் பந்துகள் இருக்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து முனை நோக்கி, அந்த ஒரே திசையில், பிரஷ் போட வேண்டும். அவ்வப்போது அதற்கான அயர்ன் பாக்ஸை மிதமான சூட்டில் அதே திசையில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் பையனிடம் பிரஷைக் கொடுத்தால் முன்னும் பின்னுமாகத் தேய்த்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் பார்த்தால் மெதுவாக உருட்டிய பந்து நேராகப் போகாமல் எங்கெங்கோ இழுக்கும், பழியெல்லாம் டேபிள் லெவல் மேல் விழும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்று வேறு. துணி ஈரத்தைக் குடித்தால் பந்து கனத்துப்போனதுபோல் ஓடும். ஆள் வந்தால் ஏசி, போனதும் ஆஃப் என்று மிச்சம் பிடிக்கிறவர்கள் அதைவிடப் பெரிய தொகையைத் துணி மாற்றவே கொடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டிக்கும் வேறு வேறு. பூல் பந்து 57 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்னூக்கர் பந்து 52.5. பூல் ஸ்டிக்கின் முனை தடிமன் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி ஸ்டாண்ட் வையுங்கள். பந்தைத் துள்ள வைத்து அடிப்பதைத் தடுக்க "ஜம்ப் ஷாட் கூடாது" என்ற போர்டை ஸ்னூக்கர் பக்கம் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

ஃப்ரேம் கணக்கில் காசு வாங்குவது

தோற்றவர் டேபிள் காசு கொடுப்பது நம் பார்லர்களில் பரவலான வழக்கம். அதனால் தோற்கும் நிலையில் இருப்பவர் விட்டுக்கொடுக்காமல் இழுப்பார், ஃப்ரேம் முடியவே முடியாது. ரேட்டை மணிக்கணக்கில் வைத்துவிடுங்கள். யார் கொடுப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். மதியத்துக்குக் குறைந்த ரேட்டும் மாதப் பாஸும் வைத்தால் ரெகுலர் ஆட்கள் ஒட்டிக்கொள்வார்கள். சனி, ஞாயிறில் அந்தப் பாஸ் செல்லாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கவுன்டரில் தகராறுதான்.

வாடகை ஒப்பந்தத்தை மறப்பது

பூல் டேபிளை ஒரு நாளில் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். ஸ்னூக்கர் டேபிளைக் கழற்றினால் துணியை உரித்து, சிலேட்டைப் பிரித்து, புதிய இடத்தில் லெவல் பார்த்து, இணைப்புகளை நிரப்பி, பெரும்பாலும் புதுத் துணியும் போட வேண்டியிருக்கும். இதற்குக் கைதேர்ந்த ஃபிட்டர் வேண்டும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தால் பயணச் செலவும் உங்கள் தலையில். பதினொரு மாத ஒப்பந்தத்தில், வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்ற இடத்தில், இந்த டேபிளைப் போட வேண்டாம். குறைந்தது மூன்று வருடம் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று லாக்-இன் எழுதி வாங்கிய பிறகு டேபிளுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.