பந்திப்பூர், கபினி போறீங்களா? பைனாகுலர் இப்படி பாத்து வாங்குங்க

நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இந்த மாதிரி மிருகங்கள வேட்டையாட இடமில்ல, ஆனா யானை, காட்டெருமை, புலின்னு பெரிய மிருகங்கள தேடிப் போறதுக்கு பெங்களூர்ல இருந்து இந்தக் கர்நாடகா காடுகளுக்கு ராத்திரி கிளம்புனாலே போதும் (பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரை மூடிருக்கும், அத கணக்குல வச்சுக்கோங்க).

முதல்ல பைனாகுலர். கடைல 20x, 30xனு காட்டுவாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க, ஜீப்ல உக்காந்து பாத்தா கை ஆடுற ஆட்டத்துல ஒண்ணுமே தெரியாது. 8x42 எடுங்க. 8ங்கறது எத்தன மடங்கு பெருசா காட்டும்ங்கறது, 42ங்கறது முன்னாடி லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. 42ஐ 8ஆல வகுத்தா 5.25, கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம் அவ்ளோ மில்லிமீட்டர், விடிகாலை மங்கல் வெளிச்சத்துல இதுதான் காப்பாத்தும்.

வாங்குன உடனே வீட்டு மாடில செட் பண்ணிடுங்க. வலது லென்ஸ மூடிட்டு நடு சக்கரத்தால இடது கண்ணுக்கு ஃபோகஸ் பண்ணுங்க, அப்புறம் இடது லென்ஸ மூடிட்டு வலது கண்கிட்ட இருக்குற வளையத்த மட்டும் திருப்புங்க. கண்ணாடி போடுறவங்க ரப்பர் கப்ப உள்ள திருகி வச்சுக்கணும், இது தெரியாம என் தம்பி ஒரு சஃபாரி முழுக்க கறுப்பு வட்டத்தையே பாத்துட்டு வந்தான், பாவமா இருந்துச்சு.

பெரிய கேமரா லென்ஸ் இருந்தா ட்ரைபாட் வேணாம், துணிப்பைல ரெண்டு கிலோ அரிசி போட்டு தச்சு ஜீப் கம்பில வைங்க, இஞ்சின ஆஃப் பண்ணச் சொல்லிட்டு எடுங்க. டிரெஸ் காக்கி, ஆலிவ் போதும், வெள்ளை வேணாம். டிசம்பர்னா ஸ்வெட்டர் கட்டாயம்.